ஜெபிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்க்காமல் ஜெபிப்பது எப்படி

கிறிஸ்தவ விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்கள் ஜெபத்தைப் பற்றி முதலில் கேட்பவை பெரும்பாலும் வெளிப்புறக் கேள்விகள்: முழங்காற்படியிட வேண்டுமா, கண்களை மூட வேண்டுமா, எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும், எந்தச் சொற்களைச் சொல்ல வேண்டும். இவற்றுக்கு விடை சொல்வது எளிது. ஆனால் சில மாதங்கள் கழித்து, ஜெபம் ஓரளவு பழகிப்போன பிறகு, யாரும் முன்கூட்டிச் சொல்லிவைக்காத ஓர் இடர் வந்து சேர்கிறது. ஜெபிக்க ஜெபிக்க, ஜெபிக்காதவர்கள் நம் கண்ணுக்குச் சிறியவர்களாகத் தெரியத் தொடங்குகிறார்கள். நம்மைப் போல ஜெபிக்காதவர்கள் அதைவிடச் சிறியவர்களாகத் தெரிகிறார்கள். முதல் நாளிலிருந்தே இந்த இடரை அறிந்து ஜெபிக்கப் பழகினால் பின்னால் அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள் குறையும் என்பதால், அதற்கான படிகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த இடர் புதியதல்ல. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் இரண்டு பேர் ஜெபிக்க ஆலயத்துக்குப் போகிறார்கள். ஒருவன் பரிசேயன், அதாவது யூதரின் வேதச் சட்டமான நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் குழுவைச் சேர்ந்தவன். மற்றவன் ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன். பரிசேயன் வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசிக்கிறவன். நியாயப்பிரமாணம் விதித்த உபவாசமோ ஆண்டுக்கு ஒரு நாள்தான். சம்பாதிக்கிற எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறான். அவன் சொன்னது எதுவும் பொய் என்று உவமை சொல்லவில்லை. அவனுடைய ஜெபம் நன்றியோடுதான் தொடங்குகிறது. அது கெட்டுப்போவது ஒரு பக்கப் பார்வையில். “இந்த ஆயக்காரனைப்போலவும்” என்கிறான். “இந்த” என்ற சுட்டுச்சொல்லைக் கவனியுங்கள். கடவுளோடு பேசிக்கொண்டிருந்தவனுடைய கண், அந்த ஒரு சொல்லில், பின்னால் நிற்கிறவன்மேல் போய் விழுகிறது.

இடமும் நேரமும்

இதை நீட்ட வேண்டியதில்லை. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கும்படி மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். அங்கே மூல கிரேக்கத்தில் உள்ள சொல், வீட்டில் பண்டங்களைச் சேர்த்துவைக்கும் உள்ளறையையும் குறிப்பது. அழகான இடம் தேவையில்லை, யாரும் பார்க்காத இடம் போதும். பார்க்கிறவர்கள் இல்லாதபோது நாம் எப்படித் தெரிகிறோம் என்ற கவலையும், மற்றவர்கள் எப்படி ஜெபிக்கிறார்கள் என்ற ஒப்பீடும் பாதி குறைந்துவிடும். நாள்தோறும் ஒரே நேரத்தில் 10 நிமிடம் ஒதுக்குங்கள். உட்காரலாம், நிற்கலாம், முழங்காற்படியிடலாம்.

இரக்கத்தில் தொடங்குங்கள்

முதல் மூன்று நிமிடங்களுக்கு எந்த விண்ணப்பமும் வேண்டாம். அந்த ஆயக்காரனின் ஜெபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” அதை மெதுவாக, மூச்சின் வேகத்துக்கு ஏற்ப, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கிழக்குத் திருச்சபைகளில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் இயேசு ஜெபம் இதையொட்டியது: “ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்.” மேற்கிலும் கிழக்கிலும் வழிபாட்டில் சபையார் சேர்ந்து சொல்லும் “ஆண்டவரே, இரக்கமாயிரும்” என்ற வேண்டுதலும் இதே குரல்தான்.

“பாவி” என்று நாள்தோறும் சொல்வது தன்னையே வெறுக்கும் பழக்கமாகிவிடாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வரியின் எடை விழுவது “பாவி” என்பதில் அன்று, “கிருபையாயிரும்” என்பதில்தான். எபிரெய வேதாகமத்தில் இரக்கத்துக்கு வழங்கும் சொற்களில் ஒன்று, கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேரிலிருந்து வருவது. பெற்றவளிடம் பேசும் பிள்ளை தன் தகுதிகளை அடுக்கிக்கொண்டு பேச்சைத் தொடங்குவதில்லை. அந்த உறவுக்குள்ளிருந்து இந்த வரியைச் சொல்லிப் பாருங்கள்.

இங்கே வேறொரு பொறியும் உண்டு. இந்த உவமையைப் படித்துவிட்டு, “நான் அந்தப் பரிசேயனைப்போல இல்லாததற்கு நன்றி” என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வது மிக எளிது. அப்படிச் சொன்ன கணத்தில் நாம் அவனுடைய இடத்தில்தான் நிற்கிறோம். பரிசேயர் என்ற பெயரை வசைச்சொல்லாகப் பயன்படுத்துவதையும் விட்டுவிடுங்கள். அவர்களில் இயேசுவைத் தேடி இரவில் வந்த நிக்கொதேமு இருந்தார், சபையின் பெரும் போதகரான பவுல் இருந்தார்.

கர்த்தருடைய ஜெபத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்

அடுத்த மூன்று நிமிடங்கள் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்கும், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்துக்கு. மனப்பாடமாக ஓடவிடாமல், ஒவ்வொரு வேண்டுதலுக்குப் பின்னும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். அதில் “என்”, “எனக்கு” என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எங்கள் பிதா, எங்கள் அப்பம், எங்கள் கடன்கள் என்று எல்லாம் பன்மையில் இருக்கின்றன. தனியறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சொன்னாலும், நமக்குப் பிடிக்காதவரையும் அந்த “எங்கள்” என்ற சொல்லுக்குள் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

“எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்ற இடத்தில் சற்று அதிகம் நில்லுங்கள். மத்தேயுவில் இந்த ஜெபத்தைக் கற்றுக்கொடுத்து முடித்த உடனே இயேசு மறுபடியும் எடுத்து விளக்குவது இந்த ஒரு வேண்டுதலை மட்டுமே. அதே சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் அவர் சொன்ன கடன் உவமையில் ஒரு கணக்கு இருக்கிறது. ராஜாவிடம் ஊழியக்காரன் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக அந்தக் கடன் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். ராஜா அதை மன்னித்துவிட்டார். அவனுக்கு உடன் ஊழியக்காரன் கொடுக்க வேண்டியிருந்தது 100 வெள்ளிப்பணம். அதை அவன் மன்னிக்கவில்லை.

பலர் இந்த 100 வெள்ளிப்பணத்தை அற்பத் தொகை என்று விளக்கிவிட்டுப் போகிறார்கள். அது சரியன்று. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு அது. ஒரு குடும்பத்தைத் தள்ளாட வைக்கக்கூடிய இழப்பு. உங்களுக்குச் செய்யப்பட்ட தீங்கை இயேசு சிறிது என்று சொல்லவில்லை. அது உண்மையான கடன்தான் என்று ஒப்புக்கொண்டு, அதைப் பக்கத்திலுள்ள எண்ணோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்.

ஒருவரின் முகம் மனத்தில் வரும்போது

இனித்தான் கடினமான பகுதி. அமைதியாக உட்கார்ந்த சில நிமிடங்களுக்குள் யாராவது ஒருவருடைய முகம் வந்துவிடும்; பெரும்பாலும் அது நம்மைப் புண்படுத்தியவருடைய முகமாகவோ நமக்கு எரிச்சலூட்டுகிறவருடைய முகமாகவோ இருக்கும். அதை விரட்டாதீர்கள். விரட்டினால் அது இன்னும் பெரிதாகித் திரும்பி வரும்.

காசா பகுதியில் 6ஆம் நூற்றாண்டில் மடத்தலைவராக இருந்த தொரொத்தேயு என்ற துறவி, தம் சகோதரர்களுக்கு ஒரு வேறுபாட்டைக் கற்பித்தார். “அவன் பொய் சொன்னான்” என்று ஒருவரைப் பற்றிப் பேசுவது ஒன்று. “அவன் பொய்யன்” என்று சொல்வது வேறொன்று. முன்னது நடந்த ஒரு செயலைச் சொல்கிறது. பின்னது அவனுடைய வாழ்க்கை முழுவதன்மேலும் தீர்ப்பு எழுதுகிறது. இது தமிழில் இன்னும் தெளிவாக விளங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் வினை காலம் காட்டும், பெயர் காலம் காட்டாது என்று நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். “பொய் சொன்னார்” என்பது இறந்தகாலம். நாளை அவர் உண்மை பேசலாம் என்பதற்கு அதில் இடம் இருக்கிறது. “பொய்யர்” என்பதில் காலமே இல்லை, ஆகவே அதில் நாளையும் இல்லை. மனிதனுடைய நாளையை அறிந்தவர் ஒருவர்தான். பெயர்ச்சொல்லைச் சூட்டுகிறபோது நாம் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறோம்.

இதை வைத்துக்கொண்டு மறுபடியும் உவமைக்குப் போனால், பரிசேயனுடைய ஜெபத்தில் மற்றவர்களுக்கு மூன்று பெயர்ச்சொற்கள் இருக்கின்றன: பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர். ஆயக்காரனுடைய ஜெபத்தில் ஒரே ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது. அதை அவன் தனக்குத்தான் சூட்டிக்கொள்கிறான், சூட்டிய அதே மூச்சில் கடவுளுடைய கிருபைக்கு முன் வைத்துவிடுகிறான்.

ஆகவே ஒரு முகம் வந்து, அதனோடு ஒரு சொல் வரும்போது, அந்தச் சொல் வினையா பெயரா என்று பாருங்கள். பெயராக இருந்தால் வினையாக மாற்றுங்கள். “அவர் கஞ்சர்” என்று வந்தால், “நான் கேட்டபோது அவர் உதவவில்லை” என்று மாற்றுங்கள். “அவள் கர்வி” என்று வந்தால், “அன்றைக்கு அவள் என்னைப் பார்த்தும் பேசாமல் போனாள்” என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு, அவருடைய பெயரை மட்டும் சொல்லி, உங்களுக்குக் கேட்ட அதே வரியை அவருக்கும் கேளுங்கள்: “தேவனே, அவர்மேல் கிருபையாயிரும்.” அதற்குமேல் எதையும் சேர்க்காதீர்கள். அவர் திருந்த வேண்டும், உணர வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பட்டியலிடத் தொடங்கினால் தீர்ப்பு மறுபடியும் ஜெபத்தின் உடையில் உள்ளே வந்துவிடும்.

நான் இதைக் கற்றது ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து. ஜெபிக்கத் தொடங்கிய காலத்தில், யாருக்காக ஜெபிக்கிறேன் என்று மறக்காமலிருக்க ஒரு கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் பெயர்களையும் வலப்பக்கம் ஜெபக் குறிப்புகளையும் எழுதிவந்தேன். ஓராண்டு கழித்து அதைப் புரட்டியபோது வலப்பக்கத்தில் இருந்தவை இவை: “பெருமை நீங்க.” “பணத்தாசை ஒழிய.” “நாவை அடக்க.” “சோம்பல் விலக.” ஏறத்தாழ இருபது பேருக்கு எதிராக நான் எழுதிவைத்த குற்றப்பத்திரிகை அது. அந்த இருபது பேரில் ஒருவருக்குக்கூட, அவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டிருக்கவில்லை. என் பெயருக்கு எதிரே மட்டும் “சமாதானம், பெலன், நல்ல வேலை” என்று எழுதியிருந்தது. அதன்பின் வலப்பக்கத்தை வெறுமையாக விட்டேன். இப்போதும் பெயர்களை மட்டுமே எழுதுகிறேன். புதியவர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

மற்றவர்களோடு சேர்ந்து ஜெபிக்கும்போது

ஜெபக் கூடுகையில் ஒருவருக்காக விண்ணப்பம் கேட்கும்போது, அவரைப் பற்றிய செய்தியும் கூடவே பரவுகிறது. “அவருக்காக ஜெபியுங்கள், அவர் வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா” என்று தொடங்கும் விண்ணப்பம் பாதி வழியிலேயே புறங்கூறுதலாகிவிடும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: அவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் இதே சொற்களில் சொல்வீர்களா? மாட்டீர்கள் என்றால், பெயரை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். பெயரும் தேவையில்லை என்றால் அதையும் விட்டுவிடலாம். யாரைக் குறித்துக் கேட்கிறோம் என்பது கடவுளுக்குத் தெரியும்.

எகிப்தின் ஸ்கேத்தீஸ் பாலைவனத்தில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மோசே என்ற துறவியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வழங்கிவருகிறது. அவர் முன்னாளில் கொள்ளைக்காரராக இருந்தவர். தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கத் துறவிகள் கூடியபோது, அவரையும் அழைத்தார்கள். அவர் போகவில்லை. மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். அப்போது ஓட்டைக் குடம் ஒன்றில் தண்ணீரை நிரப்பி முதுகில் சுமந்துகொண்டு வந்தார். இது என்ன என்று கேட்டவர்களிடம், “என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டு வருகின்றன, அவற்றை நான் பார்ப்பதில்லை, இன்று இன்னொருவனுடைய குற்றத்தைத் தீர்க்க வந்திருக்கிறேன்” என்றார். அவர்கள் அந்தச் சகோதரனிடம் ஒன்றும் பேசாமல் அவனை மன்னித்தார்கள்.

உண்மையாகவே தீங்கு நடந்திருந்தால்

மேலே சொன்னவற்றைத் தவறாகப் பயன்படுத்தலாம், பயன்படுத்தியும் இருக்கிறார்கள். அடிபடுகிற ஒருவரிடம், ஏமாற்றப்பட்ட ஒருவரிடம், “தீர்க்காதே, மன்னித்துவிடு” என்று சொல்லி வாயை அடைப்பது இயேசுவின் போதனைக்கு நேர் எதிரானது. உன் கண்ணிலுள்ள உத்திரத்தை உணராமல் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைப் பார்ப்பதேன் என்று கேட்கும் மத்தேயு 7ஆம் அதிகாரத்தில்கூட, உத்திரத்தை எடுத்த பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றுதான் முடிகிறது. துரும்பு துரும்பாகவே இருக்கிறது, அதை எடுக்கவும் வேண்டும். குற்றம் செய்தவனிடம் தனியே போய்ப் பேசு, கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ என்று 18ஆம் அதிகாரம் வழிமுறையே தருகிறது. ஆபத்தில் இருப்பவர் அங்கிருந்து விலகலாம், விலக வேண்டும். சட்டத்தின் உதவியை நாடுவதும் பாவமன்று. “அவர் என்னை அடித்தார்” என்பது வினைச்சொல். அதைச் சொல்வதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஜெபத்தில் அவர்மேல் கிருபை கேட்க நா எழவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். சங்கீதங்களில் கோபமும் முறையீடும் நிறைந்த ஜெபங்கள் பல இருக்கின்றன. அவற்றை எடுத்து அப்படியே ஜெபியுங்கள். கோபத்தைக் கடவுளிடம் ஒப்படைப்பதும் அவரை நீதிபதியாக ஏற்றுக்கொள்வதுதான்.

வட்டத்தை அகலமாக்குங்கள்

ஒரு மாதம் இப்படிப் பழகிய பிறகு, நாளுக்கு ஒருவர் என்று பெயர்களை விரிவாக்குங்கள். முதல் நாள் உங்களுக்கு அன்பானவர். மறுநாள் முகம் மட்டும் தெரிந்த அந்நியர். அடுத்த நாள் உங்களுக்குப் பிடிக்காதவர். அதன்பின் உங்கள் சபையைச் சேராதவர், உங்கள் விசுவாசத்தை ஏற்காதவர், எந்த விசுவாசமும் இல்லாதவர். “எல்லா மனுஷருக்காகவும்” ஜெபிக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் கேட்டுக்கொள்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை பெரிய வெள்ளியன்று ஏறெடுக்கும் 10 பொது மன்றாட்டுகளில், கிறிஸ்துவை நம்பாதவர்களுக்கு ஒன்றும், கடவுளையே நம்பாதவர்களுக்கு ஒன்றும் இருக்கின்றன.

இப்படி விரிக்கும்போது ஓரிடத்தில் மனம் முரண்டுபிடிக்கும். “இவருக்குமா?” என்று கேட்கும். வேதாகமத்தில் யோனா தீர்க்கதரிசி கேட்டது அதைத்தான். தன் ஜனத்தைக் கொடுமைப்படுத்திய அசீரியாவின் நினிவேக்குப் பிரசங்கிக்கப் போகும்படி கடவுள் சொன்னபோது முதலில் ஓடிப்போனான், பிறகு போனான், அவர்கள் மனந்திரும்பினார்கள், கடவுள் இரங்கினார், யோனாவுக்கோ கடுங்கோபம் வந்தது. நீர் இரக்கமும் மன உருக்கமும் உள்ளவர் என்று எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் ஓடிப்போனேன் என்று கடவுளையே குற்றஞ்சாட்டுகிறான். அதற்குக் கடவுள் சொல்லும் பதில் ஒரு கேள்வி: வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000 பேருக்கு மேற்பட்டவர்களும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ? புத்தகம் அங்கே முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை. கடவுளின் கணக்கில் ஆடுமாடுகளும் சேர்ந்திருப்பது எத்தனை முறை படித்தாலும் என்னை நெகிழவைக்கிறது.

அதே நினிவேயில் 7ஆம் நூற்றாண்டில் சில மாதங்கள் பேராயராக இருந்து, பின் தனிமைக்குத் திரும்பிய ஈசாக்கு என்ற துறவி, எல்லா மனிதருடைய பாவங்களும் கடவுளின் இரக்கத்துக்கு முன் பெருங்கடலில் எறிந்த ஒரு பிடி மணல் போன்றவை என்று எழுதினார். இரக்கமுள்ள இருதயம் மனிதருக்காகவும் பறவைகளுக்காகவும் மிருகங்களுக்காகவும் சத்தியத்தின் பகைவர்களுக்காகவும் கண்ணீரோடு ஜெபிக்கும் என்றும் சொன்னார். கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்களா என்பதில் கிறிஸ்தவர்களிடையே ஆதிகாலம் முதல் கருத்து வேறுபாடு உண்டு. புதியவர்கள் அதைத் தீர்த்துவிட்டுத்தான் ஜெபிக்க வேண்டும் என்பதில்லை. யாருக்காக ஜெபிக்கலாம் என்பதில் அந்த வேறுபாடு இல்லை.

தன்னையே தீர்க்கிறவர்களுக்கு

மற்றவர்களிடம் மென்மையாக இருந்துகொண்டு தன்னை மட்டும் இரக்கமின்றித் தண்டிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜெபத்தில் மனம் அலைந்தது, இரண்டு நாள் விட்டுப்போனது, அதே தவறை மறுபடியும் செய்தேன், ஆகவே நான் இதற்குத் தகுதியில்லாதவன் என்று அவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். “தகுதியில்லாதவன்” என்பதும் காலம் காட்டாத பெயர்தான். அதையும் “நேற்று நான் ஜெபிக்கவில்லை” என்று மாற்றுங்கள். நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்று யோவானின் முதல் நிருபம் சொல்கிறது. உங்கள்மேல் தீர்ப்பெழுதும் உரிமை உங்களுக்கும் கொடுக்கப்படவில்லை.

எருசலேம் இடிந்து கிடந்த நாட்களில் பாடப்பட்ட புலம்பலின் நடுவில், கர்த்தருடைய இரக்கங்கள் “காலைதோறும் புதியவைகள்” என்று ஒரு வரி வருகிறது. விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக நேரத்தைக் கூட்டாதீர்கள். மறுநாள் காலை அதே அறை, அதே 10 நிமிடம், அதே முதல் வரி.